யார் அந்தச் சோணைமுத்து?

"இது நீங்க எழுதுனது இல்ல. உண்மையைச் சொல்லிருங்கம்மா."

விஸ்வநாத் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். நேர்காணலுக்கு வந்திருந்த எஸ். பாண்டிமீனா, தான் செய்துகொண்டு வந்த இணையப் பக்கத்தையே பார்த்தாள்.

"நான்தான் சார் எழுதுனேன்."

"அப்ப இது யாரு?"

பக்கத்தின் நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் சொல்லும் ஸ்டைல் ஷீட்டின் முதல் வரியில் விரலை வைத்தான். அத்தனையையும் சுற்றி நிற்கும் வெளிப்பெட்டிக்கு 'சோணைமுத்து' என்று பெயர் வைத்திருந்தது.

அந்தப் பெயர் அவனுக்கு அத்துப்படி. வேலையில்லாமல் கே.கே. நகர் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தவனைக் கரையேற்றியதே, தமிழில் ஸ்டைல் ஷீட் சொல்லிக்கொடுத்த ஓர் இலவச இணையதளம்தான். நடத்துபவர் பெயர் எங்கேயும் கிடையாது. ஆனால் நாற்பது பாடத்திலும் வெளிப்பெட்டி மட்டும் சோணைமுத்து. நடத்துபவர் அவர்தான் என்று தானாகவே முடிவுகட்டி, 'சோணைமுத்து அண்ணே' என்று ஆரம்பித்து, 'கே.கே. நகர் விஸ்வநாத்' என்று முடித்துச் சந்தேகம் கேட்பான். மறுநாள் காலையில் பொறுமையாகப் பதில் வந்திருக்கும். அந்த மனிதரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நாலு வருஷமாக ஆசை.

"சார், அந்தப் பாடம்..."

"பேசாதீங்க!" கையமர்த்தினான். "பாடத்தை அப்படியே எடுத்து ஒட்டிட்டு, பேரைக்கூட மாத்தல. காப்பின்னு நான் எழுதிட்டா இந்த வேலை உங்களுக்குக் கிடையாது, தெரியுமா?"

"அந்தப் பேரை எப்படி சார் மாத்துவேன்?"

அவள் குரல் உடைந்தது. விஸ்வநாத் எடுத்த பேனாவைக் கீழே வைத்தான்.

"சோணைமுத்து அண்ணனை உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

"எங்க இருக்காரு? என்ன பண்றாரு?" கோபம் போன இடம் தெரியவில்லை.

"திருப்பரங்குன்றம் தாண்டி எங்க ஊருல. இந்நேரம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருப்பாரு."

"விவசாயம் வேறயா! அப்புறம் அம்புட்டுப் பாடத்தையும் எப்ப எழுதுறாரு?"

"எங்கப்பாவுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது சார். எங்க எல்லாரையும் தாங்கி நிக்கிற மனுசன். அதான் வெளிப்பெட்டிக்கு அவரு பேரை வச்சேன்."

பாண்டிமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையை அப்போதுதான் படித்தாள்.

"பெட்டி நடுவுல நிக்க மாட்டேங்குதுன்னு பதினோரு தடவை கேட்ட கே.கே. நகர் விஸ்வநாத்து நீங்கதானா சார்?"