ஆற்றுமேட்டின் சிரிப்பு

போர் முடிந்து வெகுகாலம் கழித்து, வடக்கு, தெற்கு என இரண்டு நாட்டுப் போர்ச் சுவரொட்டிகளும் ஒரே பழைய பேப்பர் கடையில் எதிரெதிரே சாய்ந்திருந்தன. இரண்டிலும் கிரீடம் வைத்த ஒரு தாய், பறிபோன மகளுக்காகக் கை நீட்டி அழுதாள். இரண்டிலும் சங்கிலியில் கிடந்த மகள் ஒருத்திதான்: எல்லையோர ஊரான ஆற்றுமேடு.

"என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவ நீதானே?" என்றாள் வடக்குத் தாய்.

"அவ எனக்குப் பிறந்தவ" என்றாள் தெற்குத் தாய்.

இரண்டு படத்திலிருந்தும் ஒரே குரலாக ஆற்றுமேடு வாயைத் திறந்தாள். "சண்டைக்கு முன்னாடி நான் எப்படிம்மா சிரிப்பேன்? எனக்கே மறந்துபோச்சு. சொல்றவங்களோட வந்துடறேன்."

வடக்குத் தாய் ஆசையாசையாக யோசித்தாள். ஆற்றங்கரை, பரிசல், நாவல்பழக் கறை படிந்த உதடுகள் எல்லாம் நினைவுக்கு வருவது போலிருந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. எதிரே இருந்தவளும் தலை குனிந்திருந்தாள்.

மூவரையுமே சண்டை தொடங்கிய பிறகுதான் வரைந்திருந்தார்கள்.