தலை குனியாத டைப்பிஸ்ட்

மல்லாங்கிணறு மில் ஆபீஸில் டைப்பிங் டெஸ்ட். வேலை ஒன்றுதான். வந்திருந்தவர்கள் வேணியும், கிளார்க் ஜெயபாண்டியின் மச்சினன் மாரிக்கண்ணனும்.

"பொம்பளப் பிள்ளைக்கு முதல் வாய்ப்பக் குடுப்போம் சார்" என்றார் ஜெயபாண்டி, தர்மப்பிரபுவாக.

மேனேஜர் கொடுத்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு தடவைகூடக் கீபோர்டைக் குனிந்து பார்க்காமல், வேணி அடித்து முடித்தாள். பிழையே இல்லை.

ஜெயபாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார். அதுக்குள்ள கீபோர்டத் தொடச்சு வைக்கேன்."

"வேணாம். மாரிக்கண்ணன், உக்காருங்க" என்றார் மேனேஜர்.

மாரிக்கண்ணன் குனிந்து, எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தான். திரையில் ஒரு வார்த்தைகூட உருப்படியாக வரவில்லை.

"என்ன மாமா இது!" என்று பதறினான். "அந்தப் பிள்ளைக்காக இடம் மாத்தி மாட்டுன எழுத்துப் பொத்தானெல்லாம் அப்படியே கெடக்கு!"

மேனேஜர் சிரித்தார். "இப்பப் போய் டீ குடிங்க ஜெயபாண்டி. மச்சினனையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் இனிமே நெறைய நேரமிருக்கு."