யாரும் எடுத்துக்கொள்ளலாம்

திரையில் மழை பெய்யத் தொடங்கியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய மழை.

தகரக் கூரையில் முதலில் நாலைந்து துளி தயங்கித் தயங்கி விழும். பிறகு ஒரேயடியாகக் கொட்டும். வாசலோரம் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் மட்டும் தனியாக ஒரு தாளம். வால்பாறையில் ஒரு விடுமுறையின்போது, கையில் ரெக்கார்டரோடு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்று அவர் பதிவு செய்தது.

கோவையில் குறும்பட விழா. படத்தில் ஒரு பெண் தனியாக ஜன்னலோரம் நின்றிருந்தாள். அரங்கமே அவளைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதோ. இப்போது வரும்.

மழை கொஞ்சம் தணியும். வலப்பக்கத்திலிருந்து மகள் கூப்பிடுவாள்.

'அப்பா, பூனை நனையுது.'

அப்போது அவளுக்கு ஆறு வயது. ஏழு வரவே இல்லை.

வீட்டில் அந்தப் பதிவு இருக்கிறது. வேண்டும்போது போட்டுக் கேட்கலாம். ஆரம்பத்தில் கேட்டார். ஆனால் எந்த நொடியில் கூப்பிடுவாள் என்பது காதுக்குப் பழகிவிட்டது.

இருந்தபோது அவள் அப்படியா கூப்பிட்டாள்? சவரம் செய்கையில், செருப்பு மாட்டுகையில், போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், நினைக்காத நேரத்தில் கூப்பிடுவாள்.

அதனால்தான் இணையத்தில் போட்டார். ஒலிகளைச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்று. என்னென்ன உரிமைகளை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டது. எதையும் வைத்துக்கொள்ளவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கலாம். பெயர்கூடப் போட வேண்டாம்.

எங்காவது போகட்டும்.

ஒருநாள் எங்கிருந்தாவது கூப்பிடட்டும்.

மழை தணிந்தது.

வலப்பக்கத்தில் மழை மட்டும்தான் இருந்தது. மறுபடி வலுத்தது. அந்தப் பெண் ஜன்னலைச் சாத்தினாள். படம் முடிந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

வெளியே வராந்தாவில் படக்குழுவினர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு ஒலி சேர்த்தவள் ஷைனி என்று மேடையில் அறிமுகம் செய்திருந்தார்கள். அவளிடம் போய் நின்றார்.

"அந்த மழையில ஒரு குழந்தை குரல் வருமேம்மா?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஆமாங்க சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரெக்கார்ட் பண்ணுனது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யார் வேணா எடுத்துக்கலாம்னு போட்டிருந்துதுங்க சார். அதான்..."

"நான்தாம்மா அப்படிப் போட்டேன். தப்பே இல்ல."

அவளுக்கு மூச்சு வந்தது. "இந்த சீன்ல அவங்க தனியா இருக்காங்க சார். பாப்பா குரல் கேட்டா வீட்டுல யாரோ இருக்காங்கன்னு ஆயிடும். அதனால வெட்டிட்டேன்."

அவர் தலையாட்டினார். சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள். காலி வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

போகத் திரும்பினார்.

"ஆனா தூக்கிப் போட மனசு வரலைங்க சார்," என்றாள் ஷைனி. "அவ்வளவு அழகா கூப்பிடுறா. இதுக்கு அப்புறம் ஒரு பெரிய படத்துல வேலை பார்த்தேன். அதுல ஒரு இடத்துல அவ குரலை வெச்சுட்டேன். இப்ப தியேட்டர்ல ஓடிட்டிருக்கு. படம் பேரு..."

"சொல்லாதீங்கம்மா!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் அவ்வளவு உயர்ந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எந்த இடத்துலன்னும் சொல்லாதீங்க," என்றார் மெதுவாக.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அவளைக் கும்பிட்டார். வெயிலில் இறங்கி நடந்தார்.

காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டரில் பகல்காட்சிக்குக் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. போஸ்டரை நிமிர்ந்து பார்க்காமல் கவுண்டரில் கையை நீட்டினார்.

"எந்தப் படத்துக்குங்க? ரெண்டு ஓடுது."

"ஏதாவது ஒண்ணுக்குக் குடுங்க."