காற்று: பூஜ்யம்

ஞாயிறு காலை முழுக்க எலக்ட்ரீஷியன் தன் வீட்டில் ஒரு கோல்ஃப் வீடியோ கேமோடு மல்லுக்கட்டினான். அதன் செட்டிங்ஸில் தரையை ‘உலர்ந்தது’ என்று வைத்தால் வைத்தபடி இருந்தது. காற்றின் வேகத்தைப் பூஜ்யமாக்கினால் மட்டும், ஆட்டம் தொடங்கியதுமே பன்னிரண்டுக்கு ஏறிவிடும். பந்து சொல்லிவைத்த மாதிரி குளத்துக்குள் போய் விழும்.

“சனியனே, ஒரு தடவையாவது சொன்ன பேச்சக் கேளு!”

ஒன்பதாவது தடவை பூஜ்யம் அப்படியே நின்றது.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்.” பால்கனியிலிருந்து மனைவியின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

கொடியில் காயப்போட்ட போர்வை, காற்றில் உப்பிய வாக்கிலேயே நின்றிருந்தது. அவள் முனையைப் பிடித்து இழுத்தாள், இறங்கவில்லை. தெரு மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

உள்ளே ஓடிப்போய்க் காற்றைப் பன்னிரண்டுக்கு ஏற்றினான். கையை எடுப்பதற்குள் அது பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது.