தட்டினால் தெரியும்

“இதுவும் ரிஜெக்ட்!” ஜெயலெட்சுமி புரொப்பெல்லர் இறக்கையில் சிவப்பு அட்டையைக் கட்டினாள்.

மேனேஜர் இக்மலுக்கு வியர்த்தது. “அக்கா, காலையிலேர்ந்து எல்லாமே ரிஜெக்ட்டா? பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல பிளேன் காத்துக்கிட்டு நிக்குது லா. கையெழுத்துப் போடுங்க.”

“உள்ள ஒட்டு விட்டிருக்கு தம்பி. தட்டுனா கணீர்னு கேக்கணும். இது டொக்குன்னு கேக்குது. வானத்துல பிச்சுக்கிட்டா நீங்களா போய்ப் புடிப்பீங்க?”

அந்தத் தொழிற்சாலையில் அவள் காது சொல்வதுதான் தீர்ப்பு. யாருடைய அதட்டலுக்கும் அது மசிந்ததில்லை.

“கடைசியா ஒரு தடவ தட்டுங்கக்கா.”

வழக்கம்போல் கண்களை இறுக மூடிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் தட்டினாள்.

“அதே டொக்குதான். மாட்டேன்னா மாட்டேன்!”

கண்ணைத் திறந்தாள்.

சுத்தியலுக்கு அடியில் இருந்தது அந்த இறக்கை அல்ல. அவள் கண் மூடிய நேரத்தில் இக்மல் நகர்த்தி வைத்த மாதிரித் துண்டு. நல்ல இறக்கை எப்படி ஒலிக்கும் என்று புதியவர்களுக்குக் காட்ட அவளே பொறுக்கி வைத்தது.

“எனக்குக் கணீர்னு கேக்குதுக்கா,” என்றான் இக்மல், மெதுவாக.

மறுபடியும் தட்டினாள். டொக்.

இறக்கையிலிருந்த சிவப்பு அட்டையை அவிழ்த்து, தன் கழுத்தில் தொங்கிய வேலை அட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள் ஜெயலெட்சுமி.