சின்னவளுக்கே எல்லாச் சவாரியும்

குடும்பத்தோடு மலைக்கு வந்ததிலிருந்து மூத்த மருமகளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். குதிரைச் சவாரியா, "சின்னவளே, நீ ஏறு!" ரோப் காரா, "சின்னவளே, நீ போ!" மாமியார் இளைய மருமகளையே தேடித் தேடி அனுப்பினார். மூத்தவள் கையில் எல்லோருடைய பைகளும்.

பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஏன் அத்தை, எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

மாமியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"அசடே! அந்தக் குதிரைக்கு ஒரு கண்ணு தெரியலை. ரோப் கார் கம்பி பூரா துரு. அவளுக்கு ஒண்ணு ஆனா, அழுதுட்டு எந்திரிச்சிடுவோம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு நம்ம வீட்டுல அடுப்பு எரியுமா?"



அடுத்தது பள்ளத்தாக்கு ஊஞ்சல். மாமியார் வாயைத் திறப்பதற்குள் மூத்தவளே முந்திக்கொண்டு குழைந்தாள்.

"தங்கச்சி, நீ போய் ஆசை தீர ஆடிட்டு வாம்மா. பையெல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்!"