மூன்றாவது போத்தல்

மூன்றாவது போத்தலும் கலங்கித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஸவாஹிரா அதிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

கிருமி இருந்தால் வளர்ந்து கலங்கட்டும் என்று அதில் சத்துநீரோடு விட்டு வைத்திருந்த ரத்தம் ரெங்கம்மாவுடையது. ஹாலிஎலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். சிறுநீரக வியாதிக்கு மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரை அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடியோடு தின்றிருந்தது. இப்போது விடாத காய்ச்சல், இதயத்தில் வேறு ஏதோ இரைச்சல். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் மருந்து மாற்றலாம் என்று டொக்டர் வீரசிங்கம் தவித்துக்கொண்டிருந்தார்.

அவளிடம் முன்பு எடுத்த முதல் இரண்டு போத்தலிலும் ஈஸ்ட் மாதிரி உருண்டைகள், மொட்டு விட்டுக்கொண்டு. ரத்தத்தில் ஈஸ்டுக்கு என்ன வேலை?

ஸவாஹிராவின் உம்மாவுக்குப் பதுளை பஜாரில் அப்பக்கடை. தினமும் காலையில் கூப்பன் அரிசி மாவில் ஈஸ்டைப் போட்டுக் கையாலேயே அடித்துக் கலக்கிவிட்டுத்தான் ஸவாஹிரா மிஷன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவாள். என்னதான் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் புளித்த வாசம் போகாது. பாழாய்ப்போன தன் கைதான் போத்தலைக் கெடுத்துவிட்டது என்று பயந்து, இரண்டையும் கொட்டிவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்று டொக்டரிடம் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லி வேலை போனால், அப்புறம் ஆயுசுக்கும் அப்பச்சட்டிதான்.

இந்தத் தடவை ரத்தம் எடுக்கும் முன்பிருந்தே அவள் மாவைத் தொடவில்லை. கை சுட்டுவிட்டது என்று பொய் சொல்லி, உம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குனிந்தாள்.

அதே உருண்டைகள். அதே மொட்டுகள்.

அப்படியானால் அவள் கை இல்லை. அவள் மாவு இல்லை. நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாரம் சட்டென்று இறங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சிரிப்பு வேறு வந்துவிட்டது.

வாசலில் ரெங்கம்மாவின் புருஷன் தங்கராஜா நின்றிருந்தான். அவள் சிரிப்பைக் கண்டதும் அவன் முகமும் மலர்ந்துவிட்டது.

"நல்ல சேதிங்களா, மிஸ்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது ரெங்கம்மாவின் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. இதயத்தில் ஈஸ்ட் ஜாதிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. தான் கொட்டிக் கழுவிய நாளெல்லாம் அது அங்கே வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

வாயைத் திறந்தாள்.

பெண்டாட்டியிடம் சொல்வதற்காக அவன் அதற்குள் வார்டுப் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தான்.